ஓட்டிப் பார்த்த மெஷின்

வீட்டிலேயே சின்னதாக மரப்பட்டறை வைத்திருந்த நாசர், பலகையை மட்டமாக்கிக் கனத்தையும் சீராக்கும் இழைப்பு மெஷின் ஒன்றைத் தேடி அலைந்தான். எதுவும் பிடிக்காமல் கடைசியில் ஏரலுக்கு வந்தான். அங்கே மகாராஜா என்பவன் வீட்டில் விலைக்கு இருந்த பழைய மெஷின் பளபளவென்று இருந்தது.

“எங்க அண்ணன் இத தன் பிள்ள மாதிரி பாத்துக்கிட்டான். அவனே போயிட்டான், இனி எனக்கு எதுக்கு?” என்று கண்ணைத் துடைத்தான் மகாராஜா.

“ஒரு பலகை ஓட்டிப் பாத்துக்கிடுதேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி. கருமாதிகூட முடியல, வீட்ல சத்தம் கூடாது.”

அதற்குள் விற்பனையா என்று நாசர் முகம் சுளித்தான்.

“ஓட்டாம எப்படி எடுக்க?” என்று சுவிட்சைப் போட்டான். மெஷின் உறுமியது.

உள்ளறைக் கதவு திறந்தது. ஒரு கை விளங்காத ஒருவர் சுவரைப் பிடித்தபடி பைய நடந்து வந்தார்.

“ஏலே தம்பி, என் மெஷின யாருலே ஓட்டுதது?”

மகாராஜா கூசாமல் சொன்னான்: “ரிப்பேர்காரருண்ணே. நீ எந்திரிச்சு வேலை பாக்கணும்லா, அதான் கூட்டியாந்தேன்.”

நாசர் மெஷினை நிறுத்தினான்.

“நான் மெஷின் வாங்க வந்தவன் அண்ணாச்சி. நீங்க மௌத்தாகி, கருமாதிகூட முடியலன்னு உங்க தம்பி சொல்லுதாரு.”