மஞ்சள் பூசிய கல்

"21-1-1938. கிணற்றடிக் கல்லில் எழுத்தே இல்லை என்று நேற்று குறித்தது என் தவறு" என்று நாகேஸ்வரன் டைரியில் எழுதினான்.

வலியசாலைத் தெருக் கிணற்றைத் தனது என்று சொல்லிப் பஞ்சாபகேசன் வேலி போட்டுவிட்டார். வேலிக்கு வெளியே நின்ற பழங்கல்லில் கிணறு பொது என்று எழுதியிருப்பதாகத் தெருவார் சொன்னார்கள். தொல்பொருள் ஆபீஸ் குமாஸ்தா நாகேஸ்வரன் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கப்படி பெண்கள் கல்லுக்கு மஞ்சள் பூச வந்தார்கள்.

"மாமி, பூசாதேங்கோ! எழுத்து மறைஞ்சுடும்."

"நீதானேடா எழுத்தே இல்லைன்னே? இல்லாதது எப்படி மறையும்?" என்று வாலாம்பாள் மாமி மஞ்சளை அப்பி வழித்தாள்.

பள்ளங்களில் தங்கிய மஞ்சள் எழுத்தாகத் தெரிந்தது. மாலை வகுப்பில் கற்ற வட்டெழுத்தை நாகேஸ்வரன் உரக்கப் படித்தான்: "இக்கிணறு தெருவார்க்குப் பொது."

தெருவே ஆர்ப்பரித்தது. பஞ்சாபகேசன் ஓடிவந்தார்.

"எவன்டா படிச்சது?"

"நான்தான், அப்பா."

டைரியில் கடைசியாக எழுதினான்: "நாளை கல்லைப் படியெடுக்க வேண்டும். வேலியைப் பிடுங்க அப்பாவுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும்."