பிலோமினா ஏன் எழுந்திருக்கல?

"உபதேசியாரே, இந்த ஞாயித்துக்கிழமையும் உங்க மவ நன்மை வாங்கலியே, கவனிச்சீங்களா?"

கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை இராயப்பன் இப்படிக் கேட்டதும் சவரியப்பனுக்கு முகம் செத்துப்போச்சு. அரியலூர்ப் பக்கத்துல ஒரு மாதா கோயிலுக்கு அவர்தான் உபதேசியார். ஊருக்கே ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர். அவர் மகளே நன்மை வாங்கலன்னா?

நன்மைன்னா பூசையில சாமியார் கொடுக்கிற நற்கருணை அப்பம். சாவான பாவம்னு சொல்ற பெரிய பாவம் செஞ்சவங்க, இல்லாட்டி நம்பிக்கை போனவங்கதான் அதை வாங்க எழுந்திருக்க மாட்டாங்க. ஊர் அப்படித்தான் நினைக்கும்.

"பொட்டப்புள்ளைக்கு பி.யூ.சி. போதும்னு அப்பவே சொன்னேன்ல?" இராயப்பன் குத்திட்டுப் போயிட்டார்.

பிலோமினா திருச்சியில பி.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறா. கோடை லீவுக்கு வந்திருக்கா. ஜூன்ல போனா கடைசி வருசம்.

சவரியப்பன் விறுவிறுன்னு வூட்டுக்கு வந்தார். மகளோட டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மேலேயே குரங்கு மண்டையோடு படம் போட்ட புத்தகம். அதுக்கடியில மத்த மதங்களைப் பத்தி ஒரு தடிப் புத்தகம்.

"ஞானம்மா! இங்க வந்து பாரு. ஜெபமாலையைக் காணோம்!"

"அது அவ கழுத்துல கெடக்குதுங்க."

"நமக்குப் போக்குக் காட்டப் போட்டிருப்பா!"

மனுசனுக்குச் சந்தேகம் வந்துட்டா அவ்வளவுதான்! ஞானம்மாளுக்கோ வேற பயம். "எவனாவது..."ன்னு ஆரம்பிச்சு வாயைப் பொத்திக்கிட்டா.

மகளைக் கூப்பிட்டு நிறுத்தினார். "மனுசன் கொரங்குலேருந்து வந்தான்னு நீ நம்புறியா?"

"பரீட்சைக்கு அப்படித்தாம்ப்பா எழுதணும்."

"நான் பரீட்சையைக் கேக்கல."

"நம்புறேம்ப்பா. சாமியையும் நம்புறேன்."

"ரெண்டும் எப்படிடி ஒரே மண்டையில நிக்கும்?"

"நிக்குதேப்பா."

"அப்ப நன்மை வாங்க ஏன் எந்திரிக்கல?"

பிலோமினா குடத்தை எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போயிட்டா.

சனிக்கிழமை சாயந்திரம் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனார். பிலோமினா முழங்கால் போட்டா, சாமியார்கிட்ட பாவத்தைச் சொன்னா, எந்திரிச்சு வந்துட்டா.

சவரியப்பன் சாமியாரை வாசல்லயே மறிச்சார். "தோத்திரம் சாமி. புள்ள என்ன சொல்லுச்சு..."

"உபதேசியாரே, பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைச் சாமியார் வெளிய சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்ச நீரே இதைக் கேக்கலாமா?" சாமியார் சிரிச்சிட்டுப் போயிட்டார்.

மறுநாள் பூசை. பொம்பளைங்க வரிசையா நன்மைக்கு எந்திரிச்சாங்க. பிலோமினா அசையல.

பாவத்தைத்தான் சொல்லித் தீர்த்தாச்சே! அப்ப நம்பிக்கைதான் போயிடுச்சு. சவரியப்பன் வூட்டுக்கு வந்து பெட்டியைப் பூட்டினார். "திருச்சி போதும். சர்வேசுரனைத் தொலைச்சிட்டு வர்ற படிப்பு எனக்கு வேணாம்."

பிலோமினா அழுதுட்டா.

"படிப்பை நிறுத்தாதீங்கப்பா, சொல்லிடுறேன். ஹாஸ்டல்ல ஜெகதாம்பாள்னு ஒரு இந்துப் பொண்ணு, எனக்குத் துணையா பூசைக்கு வருவா. நாங்க நன்மைக்குப் போறப்ப அவ மட்டும் உக்காந்திருப்பா. 'எல்லாரும் என்னையே பாக்குறாங்கடி, கூசுது'ன்னு ஒருநாள் சொன்னா. அதுக்கப்புறந்தான், நம்ம கோயில்ல அப்படி யாரு தனியா உக்காந்திருக்காங்கன்னு பார்த்தேன்."

"யாரு?"

"உங்க தங்கச்சி. சொன்னா கோவப்படுவீங்கன்னுதான் சொல்லல."

சவரியப்பனோட தங்கச்சி மதலைமேரி, இந்துவான அய்யாக்கண்ணுவை ரிஜிஸ்டர் ஆபீசுல கட்டிக்கிட்டா. கோயில்ல நடக்காத கல்யாணம், இவளுக்கு இனி நன்மை கிடையாதுன்னு ஊர் நடுவுல நின்னு சொன்னவரே இவர்தான். அன்னையிலேருந்து அவ முகத்தைப் பார்க்கல. அவ மட்டும் ஒரு பூசையும் விடாம வந்து சுவரோரமா உக்காந்துக்குவா.

"அதுக்கு நீ ஏண்டி உக்காரணும்? ஊரே இப்ப ஒன்னையத்தான பாக்குது!"

"ஆமாப்பா." பிலோமினா கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "இப்ப அத்தையை யாரும் பாக்குறதில்ல."