பரீட்சை நோயாளி

படுக்கையில் கிடந்தவன் சுபஸ்ரீயைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். மற்ற மாணவர்கள் ஆளுக்கொரு நோயாளியிடம் குனிந்திருந்தார்கள். சந்தேகமில்லை, தனக்குத்தான்.

"நாகப்பன்!" என்று புது நர்ஸ் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. "யோவ் நாகப்பன், உன்னத்தான்யா!"

"இந்தா கீறேன் சிஸ்டர்" என்று திடுக்கிட்டு எழுந்தான்.

"சட்டையக் கழட்டிட்டு ஒழுங்கா படு. இந்தப் பொண்ணு மூணாவது தடவையா பரீட்சைக்கு வந்திருக்கு. படுத்தாத."

மூணாவது தடவை. அதை வார்டுக்கே கேட்கிற மாதிரி சொல்லியாக வேண்டுமா? கூடப் படித்தவர்கள் எல்லாரும் டாக்டராகிவிட்டார்கள். இந்த முறையும் போனால், படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்று அப்பா சொல்லியிருந்தார்.

நாகப்பனை அவள் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறாள். வடக்குப்பட்டுக்காரன், ஒரகடத்தில் கார் சீட் கம்பெனியில் வேலை. பிறவியிலேயே இதயச் சுவரில் சின்ன ஓட்டை. அது அவனை ஒன்றும் செய்ததில்லை, ஆனால் கம்ப்ரசர் குழாயில் காற்றுக் கசிகிற மாதிரி 'மர்மர்' என்கிற அதன் சத்தம் யார் காதுக்கும் எட்டும். கையை வைத்தாலே நெஞ்சு அதிரும். அதனால் பரீட்சைதோறும் கல்லூரி அவனைக் கூலிக்குக் கூட்டி வந்து படுக்க வைக்கும். "நாகப்பன் கிடைச்சா நீ பாஸ்டீ" என்பார்கள் விடுதியில்.

சுபஸ்ரீ உள்ளங்கையை வைத்தாள். அதிரவில்லை.

ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். லப், டப். லப், டப். இடத்தை மாற்றி மாற்றி வைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். கழுவி விட்டது போல் சுத்தமான சத்தம். கசிவு இல்லை, ஒன்றும் இல்லை.

"ஓட்டை டாக்டரம்மா" என்று அவன் கிசுகிசுத்தான். "சின்ன வயசுலேர்ந்தே கீது."

"நான் கேக்கலையே."

"கேக்காட்டி இன்னா? ஓட்டைன்னு சொல்லிடு, வேல முடிஞ்சுது."

"யார் உங்கள இப்படிச் சொல்லச் சொன்னாங்க?"

அவன் கண் வாசல் பக்கம் போய் வந்தது. "யாரு சொல்லணும்? எங்க கம்பெனி லைன்ல ஒருத்தன் தடுமாறுனா பக்கத்துல நிக்கிறவன் கை குடுப்பான். அந்த மாதிரிதான்."

அவளும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். இது பேராசிரியர் புருஷோத்தமன் வைத்த பொறி. ராத்திரி பகலாகத் தூங்க விடாமல் வேலை வாங்கியதில் அவள் ஒருநாள் வார்டிலேயே மயங்கி விழுந்தாள். அதைப் போய் டீனிடம் சொன்னாள். அன்றிலிருந்து புருஷோத்தமனுக்கு அவள் 'தூக்கக் கேஸ்'. இரண்டு முறையும் பெயில் போட்டவர் அவர்தான். இப்போது ஓட்டை இல்லாத எவனையோ படுக்க வைத்து, ஓட்டை என்று சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இல்லையென்றால் தன் காதுதான் செத்துவிட்டது. எது மேல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னம்மா, இன்னைக்காவது முழிச்சிட்டிருக்கியா?" புருஷோத்தமன் வந்து நின்றார். நோயாளியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "சொல்லு. என்ன கேக்குது?"

ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி, இவன் நிஜ நாகப்பனாக இருந்தால் முடிந்தது கதை. கேட்கிறது என்று சொல்லி, இது பொறியாக இருந்தாலும் முடிந்தது கதை. அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்குமுன் அவன் உதட்டை மட்டும் அசைத்தான். ஓட்டை.

"கீழறைச் சுவர்ல ஓட்டை சார். மர்மர் நல்லா சத்தமா கேக்குது."

"அதிர்வு?"

"இருக்கு சார்."

அவர் அவன் நெஞ்சில் கையை வைத்தார். சுபஸ்ரீ மூச்சு விடவில்லை.

"ம்ம். நல்லாவே அதிருது. காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாரும் கரெக்டாத்தான் சொல்லியிருக்காங்க, நீயும் சொல்லிட்ட." கையெழுத்துப் போட்டார். "பாஸ். போய்த் தூங்கு."

வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். பாஸ். சிரிப்பு வரவில்லை. பொறி இல்லை, சதி இல்லை. எல்லாருக்கும் கேட்டிருக்கிறது, அவருக்குக் கையிலேயே தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும் கேட்கவில்லை. இந்தக் காதை வைத்துக்கொண்டு இனி எத்தனை பேரைக் கொல்லப் போகிறோம்?

"டாக்டரம்மா! ஒரு நிமிசம்." அவன் சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாக மாட்டிக்கொண்டு ஓடி வந்தான். கண்ணடித்த முகம் செத்துப் போயிருந்தது. "மெய்யாலுமே உனுக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"பெரிய டாக்டரும் அதிருதுன்னாரே?"

"அதிருது. அதுக்கு இப்ப என்ன? பொறந்ததுலேர்ந்து உங்களுக்கு இருக்கிறதுதானே?"

அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"அது எங்க அண்ணனுக்கு டாக்டரம்மா. அவருக்கு இன்னிக்கு கம்பெனில ஓ.டி., அதான் ஷிஃப்டு மாத்திக்கினு நான் வந்தேன்."