ஐந்தாவது இதழ்

குற்றாலம் அரண்மனைப் பங்களாவில் ராணியம்மாவின் ரவிக்கைகளுக்குச் சுகிர்தம் அக்காவும் நானும் லேஸ் பின்னினோம். விரல்வலியால் அக்கா ஒவ்வொரு பூவையும் நாலு இதழோடு நிறுத்திவிடுவாள். நான் ஐந்து பின்னுவேன்.

சாரல் தொடங்கியதும் அக்கா இறந்துபோனாள். தென்காசியில் அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். தினமும் காலையில் லேஸைக் குத்திவைத்துப் பின்னும் தலையணையில் புதிதாக ஒரு பூ இருந்தது.

“ஏட்டி, இதுல நாலு இதழ்தான இருக்கு. ஒனக்கும் விரல் வலிக்கா?” என்றாள் ஆயா மாடத்தி.

“அக்காவுக்குத்தான்,” என்றேன்.

இனியாவது அக்கா ஓய்வெடுக்கட்டும் என்று அந்த லேஸின் கடைசிப் பூவை நானே ஐந்து இதழோடு முடித்தேன். “தீந்துட்டுக்கா. படுத்துத் தூங்கு,” என்று சொல்லி நூலை அறுத்தேன்.

காலையில் ஐந்தாவது இதழ் பிரிக்கப்பட்டிருந்தது. அந்த நூலில் அடுத்த பூ தொடங்கியிருந்தது.