மாசம் எவ்வளவு?

“ஏய் சசி, தூளிய அவுத்துடுடி! ஜீப்பு உங்க வூட்டாண்டதான் வருது!”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து முத்தம்மாள் போட்ட கூச்சலில் சசிகலாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூளியில் ஒன்று தூங்குகிறது. தரையில் ஒன்று தவழ்கிறது. இன்னொன்று சாமைச் சோற்றைத் தலையில் பூசிக்கொண்டு சிரிக்கிறது. இதில் எதை அவிழ்ப்பாள், எதை ஒளிப்பாள்?

ஜமுனாமரத்தூரில் வேலைக்குப் போகும் மூன்று அம்மாக்களின் குழந்தைகளை மதியத்திலிருந்து சாயங்காலம் வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள் சசிகலா. மாதம் தலைக்கு ஐந்நூறு ரூபாய். திருப்பத்தூரில் நர்சிங் படிக்கும் மகள் நிவேதாவுக்கு விடுதிப் பணம் இன்னும் கட்டவில்லை. திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்துவிட வேண்டியதுதான்.

அதனால் இன்றைக்குச் சாயங்காலம் பிள்ளைகளை அழைக்க வரும் அம்மாக்களிடம் எப்படியும் கூலியை ஆயிரம் என்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தாள். “சிரிக்காம சொல்லு. சிரிச்சா கொறைச்சுக் கேப்பாங்க,” என்று முத்தம்மாள்தான் காலையில் பழக்கிவிட்டாள்.

பழக்கியவள் சும்மா இருந்தாளா? மலைக்குக் கீழே யாரோ ஒருத்தி லைசென்ஸ் இல்லாமல் காசு வாங்கிப் பிள்ளை பார்த்தாளாம், வீட்டுக்குச் சீல் வைத்து அவளையும் ஜீப்பில் ஏற்றிப் போய்விட்டார்களாம், செல்போனில் வந்ததாம் என்று ஒரு குண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாள்.

இப்போது வாசலில் ஜீப். இறங்கிய ஆள் காக்கி உடுப்பில் இருந்தார்.

“இங்க கொழந்தைங்கள பாத்துக்கறது நீங்கதானே?”

“ஆமாங்க... இல்லீங்க... அதுங்களா வந்து வெளையாடுதுங்க சார்.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தார். தூளிக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். அடுப்பு எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தின் மூடியைத் திறந்து மூடினார். பிறகு செல்போனை எடுத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

தூளிக் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. சசிகலா தூக்கப் போவதற்குள் அவரே குனிந்து தூக்கித் தோளில் சாய்த்து முதுகில் இரண்டு தட்டு தட்டினார். குழந்தை ஏப்பம் விட்டு அடங்கியது. எடை பார்க்கிறான் பாவி, கேஸ் எழுதத்தான் என்று நினைத்துக்கொண்டாள் சசிகலா.

“ஆஸ்பத்திரி நர்சம்மா கொழந்தகூட இங்கதான் இருக்குதுன்னு டீக்கடையில சொன்னாங்க. மாசம் எவ்ளோ வாங்கறீங்க?”

காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்த ஆயிரம் தொண்டையிலேயே செத்துப்போனது.

“வாங்கறதா? இன்னாத்துக்கு சார் வாங்கணும்?”

“ஏன், ஐநூறாவது வாங்குவீங்கல்ல?”

“ஐயய்யோ, அம்மாம் துட்டா!”

“அப்போ இருநூறு, முந்நூறு?”

பயம் வந்துவிட்டால் வாய் நம் பேச்சைக் கேட்கிறதா என்ன? “பைசா வாங்கறதில்ல சார்! எம் பொண்ணு மேல சத்தியமா வாங்கறதில்ல. எல்லாம் நம்ம கொழந்தைங்க மாதிரிதானே, சும்மாவே பாத்துக்கறேன்.”

தோழியைக் காப்பாற்ற வேலி மேல் முத்தம்மாளின் தலை முளைத்தது. “காசுன்னு பேச்செடுத்தாலே இவ சண்டைக்கு வருவா சார்! தங்கமான மனசு. யார் வூட்டுப் புள்ளையா இருந்தாலும் வாரி எடுத்துக்குவா!”

காக்கிச் சட்டைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நெசமாவா? யார் கொண்டாந்து வுட்டாலும் சும்மாவா?”

“யார் வுட்டாலும் சார்,” என்றாள் சசிகலா.

அவர் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, செல்போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனார். தாழ்ந்த குரலில் பேசினார். “படம் வந்துதா?... ஆமா, எல்லாம் விசாரிச்சிட்டேன்... நாளைக்கே முடிச்சிடலாம்” என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுந்தது.

சசிகலா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்குச் சீல் வைத்துவிட்டால் இந்தக் கூலியும் போச்சு. மகளின் படிப்பும் போச்சு. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மூன்று குழந்தைகளையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சோறு பூசிய தலை அவள் புடவையில் தேய்ந்தது, அதைக்கூடத் துடைக்கத் தோன்றவில்லை.

அவர் திரும்பி வந்தார். வந்தவர், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

“நான் இங்க பாரஸ்ட்டுக்குப் புதுசா மாத்தலாயி வந்திருக்கேம்மா. எங்களுக்கு ரெட்டைக் கொழந்தைங்க. எம் சம்சாரமும் வேலைக்குப் போறா, பாத்துக்க ஆளில்லாம தவிச்சிட்டிருந்தோம். நாளைலேர்ந்து ரெண்டு பேரையும் இங்கயே கொண்டாந்து வுட்டுடறோம்.”

சசிகலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சீல் இல்லை, கேஸ் இல்லை! “வுடுங்க சார், கண்ணாட்டம் பாத்துக்கறேன்!” என்று அழுகையும் சிரிப்புமாக எழுந்து நின்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே எடுத்திருந்த கவரை மறுபடி உள்ளே தள்ளிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“மாசம் அஞ்சாயிரம்னு நெனச்சு எடுத்தாந்தேன்... உங்களாண்ட போய்க் காசு பேசிட்டேனே, மன்னிச்சிடுங்கம்மா!”