எட்டாவது கோப்பை

அன்றைக்கு மேர்சி வீட்டு உபவாச ஜெபத்துக்கு வந்தவர்கள் போதகரம்மா, எமிலி டீச்சர், கிறேஸ், உசாந்தினி, சுகிர்தம். வீட்டுக்காரி மேர்சி. சீலை மறைப்புக்குப் பின்னால், அறைக்குள், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருக்கும் அவள் புருசன் ஞானராசா. வாசற்படியோரம், கதிரையும் கோப்பைகளும் இரவல் தந்த பக்கத்து வீட்டு ஜெமீலா.

தவக்காலமும் முஸ்லிம்களின் றமழான் நோன்பும் ஒன்றாக வந்த வருசம். ஜெபம் முடிந்ததும் இவர்களுக்குக் கஞ்சி உண்டு. ஜெமீலாவுக்குப் பொழுதுபட்டு மஃரிபு தொழுகை நேரம் வரை தண்ணீரும் இல்லை.

ஆக, குடிக்க ஏழு பேர். மேர்சி எடுத்து வைத்த கோப்பைகள் எட்டு.

சுகிர்தம் இரண்டாம் தரமும் எண்ணிப் பார்த்தாள். எட்டுத்தான்.

அவளுக்குக் கொஞ்ச நாளாகவே மேர்சி மேல் ஐயம். முதலில் புயலில் தோணி உடைந்தது. அடுத்து, விடியற்காலையில் சைக்கிளில் கடற்கரைக்குப் போன ஞானராசாவை ஏதோ ஒரு வாகனம் அடித்துவிட்டு நிற்காமல் போனது. பிறகு கூரைத் தகரம் காற்றோடு போனது. ஒரே வீட்டில் இத்தனை அடி சும்மா விழுமா? ஆண்டவர் காரணமில்லாமல் கை ஓங்குகிறவர் இல்லை, உள்ளே ஏதோ ஒளித்த பாவம் இருக்கிறது என்று சபைப் பெண்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போதாததற்கு, வெள்ளிக்கிழமைகளில் பின்வேலியால் ஓர் ஆம்பிளை அந்த வீட்டுக்கு வந்து போவதாகக் கதை. எமிலி டீச்சர் வீட்டில் நடக்கவேண்டிய ஜெபத்தை, அன்று காலையில் சாட்டுச் சொல்லி இங்கே மாற்றியதே சுகிர்தம்தான்.

ஜெபம் தொடங்குமுன் கிறேஸ் அவளிடம், புருசன் கொண்டுவந்து விடவில்லையா என்று கேட்டாள்.

“அவர் பட்டா லொறியில இறக்காமத்து ஆலைக்கு நெல் ஏத்தப் போயிட்டார். வெள்ளிக்கிழமை எண்டா அங்கதானே.”

“வெள்ளிக்கிழமையிலயா?” என்றாள் ஜெமீலா. உடனே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வெயிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள்.

ஜெபம் முடிந்தது. மேர்சி முதலில் இரண்டு கோப்பைக் கஞ்சியை அறைக்குள் கொண்டுபோனாள். மற்றவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தன்னுடையதை நின்றபடியே குடித்தாள். பிறகு உள்ளே போய் அந்த இரண்டையும் எடுத்து வந்தாள். இரண்டும் வெறுங்கோப்பை.

சுகிர்தத்தின் கஞ்சி அவள் மடியிலேயே இருந்தது.

“ஞானராசாக்கு இப்ப நல்ல பசி போல. ரெண்டு கோப்பை?”

“ஒண்டுதான் அக்கா அவர் குடிச்சவர்.”

“அப்ப மற்றது?”

மேர்சி வெறுங்கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். உசாந்தினி கஞ்சியை வழித்துக் குடிப்பதுபோல் முகத்தைக் கோப்பைக்குள் புதைத்துக்கொண்டாள். போதகரம்மா, விடு பிள்ளை என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சுகிர்தம் கேட்டதற்கு, ஜெமீலா தனக்கு ஒன்றும் தெரியாது என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“இதுதான் நான் சொன்னது,” என்றாள் சுகிர்தம். “ஆண்டவர் அடிச்சா அதுக்கு முகாந்திரம் இருக்கும். புருசன் படுக்கையில கிடக்கக்குள்ள பின்வேலியால ஆள் வருது. ஒளிச்சத வெளிய எடுத்தாத்தான்கா இந்த வீடு விடியும்.”

மேர்சியின் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

“ஏன் எங்களுக்கு இப்பிடி வந்த எண்டு எனக்குத் தெரியா அக்கா. நானும் ஆண்டவரிட்ட ஒவ்வொரு நாளும் கேக்கிறன். பதில் வரல்ல. ஆனா அவர் எங்களக் கைவிடல்ல. அது மட்டும் தெரியும். நீங்க என்னவும் நினைச்சிக்கோங்க. உள்ள மட்டும் போகாதீங்க.”

அந்தக் கடைசிச் சொல் போதுமாக இருந்தது. சுகிர்தம் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினாள். மேர்சி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“உங்களுக்காகத்தான் அக்கா சொல்றன்.”

கையை உதறிவிட்டு, சுகிர்தம் சீலையை இழுத்து ஒதுக்கினாள்.

உள்ளே ஓர் ஆள் ஞானராசாவை ஒருபக்கமாகத் திருப்பி, படுக்கைப் புண்ணில் படாமல், ஈரத்துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார்.

அவள் புருசன் அழகரெத்தினம்.

முஸ்லிம் ஊரான இறக்காமத்தில் வெள்ளிக்கிழமையில் ஒரு நெல் ஆலையும் திறப்பதில்லை என்பது சுகிர்தத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

“இவர அடிச்சது நம்மட பட்டா லொறிதான், சுகிர்தம்,” என்றார் அவர். “பயத்தில நிப்பாட்டாம வந்திட்டன். மறுகா மனம் கேக்காம இவங்களிட்ட வந்து சொன்னன். பொலிசுக்குப் போகமுதல் உன்னிட்டச் சொல்லு எண்டு மேர்சி ஒவ்வொரு கிழமையும் சொல்றா. எனக்குத்தான் வாய் வரல்ல.”

கட்டிலில் கிடந்த ஞானராசா, தனக்குச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லி அழகரெத்தினத்துக்குக் கையால் காட்டினார்.

சுகிர்தம் எப்படித் திரும்பி வந்து கதிரையோரம் நிலத்தில் இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கொஞ்ச நேரத்தில் மேர்சி பக்கத்தில் வந்து குந்தினாள். கதிரையில் ஆறிக்கிடந்த கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

“எல்லாரும் குடிச்சிட்டாங்க அக்கா. மிச்சம் உங்கட கோப்பை ஒண்டுதான்.”