தோள் வரைக்கும் போதும்

“ஒரு போட்டோவுக்காகவா என்னை லீவு போட்டு வரச் சொன்னீங்க?”

செருப்பைக் கழற்றும்போதே மகள் ஆரம்பித்துவிட்டாள்.

கூடத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே ஓர் இளம்பெண் கேமராவுக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா காலமெல்லாம் படம் எடுத்துக் கொடுத்த பத்திரிகையில் இப்போது அந்த வேலையைப் பார்ப்பவள்.

“வாங்கக்கா. சாரைப் பத்தி ஸ்பெஷல் பக்கம் ஒண்ணு போடறோம்,” என்றாள், லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“ரிட்டையராகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் ஞாபகம் வந்துதா உங்க ஆபீசுக்கு?”

“வந்த பிள்ளைகிட்ட எதுக்கும்மா பாயற? முதல்ல தண்ணி குடி,” என்றார் அப்பா.

மகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “சட்டை யாரோடது? உள்ள இன்னொரு ஆள் நுழையலாம் போல இருக்கே.”

“என்னோடதுதான். பழைய சட்டை.”

“பழசானா சட்டை பெரிசாகுமா?”

கேமராக்காரப் பெண் சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்ட நேரம் அப்பாவின் போன் அடித்தது. எங்கேயோ ஒரு குடோன் எரிகிறதாம். பட்டத்தை வாங்கிக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தபோது, அம்மாவின் பக்கத்து நாற்காலி காலி. மறுநாள் முதல் பக்கத்தில் குடோன் நன்றாகத்தான் எரிந்தது.

“கேமராவைக் கையில வச்சுக்கிட்டு ஒண்ணு எடுக்கலாமா சார்? கெத்தா இருக்கும்.”

“வேண்டாம்மா. பின்னாடி வெறும் சுவர். நேராப் பார்க்கறேன். தோள் வரைக்கும் போதும்.”

“பாஸ்போர்ட்டுக்கா எடுக்கறீங்க?” என்றாள் மகள். “ஊரையே அங்க திரும்பு, இங்க திரும்புன்னு ஆட்டி வச்சவர், தனக்குன்னா மட்டும் கட்டை மாதிரி உட்கார்றாரே!”

“வெளிச்சம் இறங்குது. நீ எடும்மா.”

“இறங்கினா இறங்கட்டும். நாளைக்கு எடுத்தா ஆகாதா? நாளைக்கு வெளிச்சம் வராதா?”

“வெளிச்சம் வரும்,” என்றார் அப்பா.

கேமரா படபடவென்று அடித்தது. ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தார். கண் சோர்ந்திருக்கிறது, வேண்டாம். இதில் கன்னம் ஒட்டித் தெரிகிறது, இதுவும் வேண்டாம். யார் யார் முகத்தையோ அவர்கள் சம்மதம் கேட்காமல் எடுத்த மனிதர், தன் முகத்துக்கு அத்தனை பிகு பண்ணினார். கடைசியில் ஒன்றைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

“நீயும் வந்து பக்கத்துல நில்லேன். ரெண்டு பேருமா ஒண்ணு எடுத்துக்கலாம்.”

அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது.

“நான் எதுக்கு? அதோ, அங்க பாருங்க!”

சுவரில் அம்மா இருந்தாள். அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். மூக்கும் வாயும் மங்கல். இடது தோளில் அரசாங்க முத்திரையின் பாதி.

“ஊர்ல இருக்கிறவங்க அழுகையெல்லாம் எடுத்தீங்க. அம்மாவை ஒரு படம் எடுத்தீங்களா? அம்மா இதே கூடத்துல கிடந்தப்போ, அஞ்சலி போடணும், நல்ல போட்டோ ஒண்ணு குடுங்கன்னு உங்க ஆபீஸ் ஆளுங்க வந்து நின்னாங்க. நீங்க சாவு வீடு சாவு வீடாப் போய்க் கேட்ட அதே கேள்வி. நான் அழக்கூட முடியாம பீரோவைக் குடைஞ்சேன். கிடைச்சது அதுதான். இப்ப உங்க பெருமையைப் பேப்பர்ல போட நான் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டணுமா? மாட்டேன்.”

அப்பா சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டார்.

“அவ சொல்றது சரிதான்மா,” என்றார் கேமராக்காரப் பெண்ணிடம். “இது போதும். நீ கிளம்பு.”

வாசல்வரை கொண்டுவிட மகளே இறங்கி வந்தாள். மூன்றாம் மனுஷி முன்னால் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம் என்று உறுத்தியது.

“தப்பா நினைச்சுக்காதம்மா. உன்மேல கோபமில்ல. என்னிக்குப் பேப்பர்ல வருது, சொல்லு. ஒண்ணு வாங்கி வச்சுக்கறேன். என்ன திட்டினாலும் என் அப்பாதானே.”

அந்தப் பெண் ஹெல்மெட்டை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“தேதி தெரியாதுக்கா.”

“தேதி தெரியாம ஒரு ஸ்பெஷல் பக்கமா? நல்ல ஆபீஸ்தான் போ.”

“அப்படி ஒரு பக்கமே இல்லக்கா.” அவள் மாடி ஜன்னலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். “உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார். என்னால முடியல. போன வாரம் ஆஸ்பத்திரியில இருந்து நேரா எங்க ஆபீசுக்கு வந்தார். ‘முகம் வத்திப்போறதுக்குள்ள என்னை ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க. அன்னிக்கு எவனும் என் பொண்ணுகிட்டப் போய், நல்ல போட்டோ இருக்கான்னு நிக்கக் கூடாது’ன்னார்.”

மகள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“சேர்ந்து நிக்கக் கூப்பிட்டாரே, அந்தப் படம் பேப்பருக்கு இல்லக்கா. உங்களுக்கு.”